பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு சோடி ஸ்பீக்கர்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளம். பத்தடிக்குப் பன்னிரண்டடி வரவேற்பறை. எழுபது வயதைக் கடந்த அப்பா. ஒரு காலத்தில் வானொலியில் கேட்டே அவர் மனப்பாடமாக்கிய பழைய திரைப்பாடல்களும் கர்நாடகக் கச்சேரிகளும். கையில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய். இதற்குள் அடக்கமான ஒரு ஸ்டீரியோ ஸ்பீக்கர் சோடியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் 2.1 செட் (இரண்டு சிறு ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக ஒரு சப்வூபர் பெட்டியும்) ஒன்றையோ, தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பாரையோ எடுக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்ப்ளிபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட, தாழ்ந்த ஒலிக்கு நான்கு அல்லது ஐந்து அங்குல வூபரும் உயர்ந்த ஒலிக்குத் துணியாலான டோம் (குவிமாட வடிவ) ட்வீட்டரும் கொண்ட, மரப்பெட்டியில் அமைந்த இருவழி ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் இரண்டும் உங்கள் தேவைக்கு உரியவை அல்ல. எந்த நிறுவனம், எந்த மாதிரி என்பது அதற்கு அடுத்த கேள்விதான். உங்கள் அப்பா கேட்கப்போவது பெரும்பாலும் மனிதக் குரல். அந்தக் குரல் தெளிவாக வருகிறதா, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒருவர் நின்று பாடுவது போல நிற்கிறதா என்பதையே உரைகல்லாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

1970களின் பிற்பகுதி வரை வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே மோனோ (ஒற்றைத் தட) ஒலிப்பதிவுகள். அப்படியிருக்க இரண்டு ஸ்பீக்கர் எதற்கு என்று உங்கள் அப்பாவே கேட்கக்கூடும். ஒரே ஒலி, ஒரே அளவில், ஒரே கணத்தில் இரு பக்கங்களிலிருந்தும் காதுகளை அடையும்போது, மூளை அதை இரண்டு இடங்களில் வைத்துக் கேட்பதில்லை; இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வைத்துக் கேட்கிறது. பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையும் காதின் இந்த இயல்பை நம்பியே எழுந்தது. நன்றாக ஒத்த ஒரு சோடியில், சரியான இடத்தில் அமர்ந்து மோனோப் பாடல் ஒன்றைக் கேட்டால், பெட்டிகள் இரண்டும் மறைந்துபோய், பாடுபவரின் குரல் நடுவில் ஒரு தேங்காயளவு இடத்தில் குவிந்திருக்கும். சோடியில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாவிட்டாலோ, ஒன்றின் வயர் தலைமாறிப் பொருத்தப்பட்டிருந்தாலோ, ஒரு பெட்டி அலுமாரித் தட்டுக்குள் அடைபட்டிருந்தாலோ, அந்தக் குரல் உடனே பரவி, சில சொற்களுக்கு இடப்பக்கமும் சில சொற்களுக்கு வலப்பக்கமுமாக அலையத் தொடங்கும். ஸ்டீரியோப் பாடல்களில் வாத்தியங்கள் இரு பக்கமும் சிதறிக் கிடப்பதால் இந்தப் பிழை மறைந்துவிடும். ஆகவே ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கு அப்பாவின் பழைய பாடல்களைவிட நல்ல கருவி உங்களுக்குக் கிடைக்காது.

2.1 செட்டை நான் மறுப்பதும் குரலை வைத்துத்தான். அதில் மேசைமேல் நிற்கும் இரண்டு சிறு பெட்டிகளிலும் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குல ஸ்பீக்கர்களே இருக்கும். அவற்றால் 200 ஹேர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வு) கீழே உரத்து ஒலிக்க முடியாது. எனவே அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும், மேசைக்கு அடியில் கிடக்கும் சப்வூபர் பெட்டியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரை என்பதை நினைத்துப் பாருங்கள். பாடுபவரின் வாய் மேசைமேலும் நெஞ்சு மேசைக்கு அடியிலுமாகப் பிரிந்துவிடும். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில், நாற்காலியே அதிரும்படி போட்டுக் காட்டிய ஒரு செட்டை வாங்கி வந்து, முதல் வாரம் பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டாம் வாரம் மாலைச் செய்தியைக் கேட்டபோது, செய்தி வாசிப்பவர் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் குந்தியிருந்து பேசுவது போல இருந்தது. கடையில் அன்று ஒரு மனிதக் குரலையும் நான் கேட்டுப் பார்க்கவில்லை; குற்றம் கடைக்காரர் மீது மட்டும் இல்லை.

சவுண்ட்பார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் பேச்சு விளங்கவில்லை என்றால் அது உதவும். ஆனால் மூன்றடி அகலத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சுவரில் ஒலியைத் தெறிக்கவிட்டு அகலத்தைப் பாவனை செய்யும் கருவியில் பாட்டைக் கேட்பது, கச்சேரியைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதற்குச் சமம்.

அடுத்தது வாட். அட்டைப்பெட்டியில் 5000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்காதவர் போல நடந்துகொள்ளுங்கள். அதை அளப்பதற்குப் பொது நியமம் எதுவும் இல்லை, விற்பவர் விரும்பியதை எழுதலாம். பின்புறத் தகட்டையோ அடாப்டரையோ திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தால், உள்ளே போவதே 24 வாட். வெளியே தொடர்ந்து 200 வாட் வருவதற்கு வழியில்லை. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று குறிப்பிட்ட எண்ணைத்தான் பொருட்படுத்த வேண்டும், அதுவும் ஓரளவுக்கு மட்டுமே. உங்கள் அறைக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர்கள் ஒலிப்பதால் 3 டெசிபல் கூடும், ஆக 83. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வாட் பத்து மடங்கு மாறும். வீட்டில் வசதியாகக் கேட்கும் ஒலியளவு 73 டெசிபல் என்றால், அதற்கு ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பத்தில் ஒரு வாட் போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் சட்டென்று உயரும் கணங்களுக்காக இன்னும் 20 டெசிபல் ஒதுக்கினாலும் தேவைப்படுவது 10 வாட்தான். ஸ்பீக்கர் ஒன்றுக்கு உண்மையான 20 வாட் இருந்தால் உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும்.

சிறிய பெட்டி, ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி), குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பெற இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். நல்ல சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தவர்கள் எதைக் கைவிட்டார்கள் என்பதைப் பார்த்தால் நமக்கும் வழி தெரியும். 1970களின் தொடக்கத்தில் பிபிசி, வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துப் பேச்சையும் பாட்டையும் மதிப்பிடுவதற்கென்று எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓரடி, உள்ளே ஏறத்தாழ ஐந்து லீற்றர் காற்று, கெஃப் நிறுவனத்தின் ஒரு சிறு வூபர், ஒரு ட்வீட்டர்; அவ்வளவுதான். ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் அளவே ஒலிக்கும், ஆழமான பேஸும் கிடையாது. ஒலிபரப்பாளருக்கு வேண்டியிருந்தது பேசுபவரின் குரல் பேசுபவரின் குரலாகவே ஒலிப்பது. அதை அது கொடுத்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த வடிவத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் விலை இன்று உங்கள் வரவுசெலவுக்கு எட்டாதது என்றாலும், அது கற்றுத்தரும் முன்னுரிமை இலவசம்.

உங்கள் அறையைப் பொறுத்தவரை ஆழமான பேஸ் இல்லாதது ஒரு வகையில் நன்மையும்கூட. பன்னிரண்டடி நீளம் 48 ஹேர்ட்ஸ் அளவிலும் பத்தடி அகலம் 57 ஹேர்ட்ஸ் அளவிலும் தாமாகவே முழங்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த அலைகள் பொருந்தி நின்றுவிடுவதே காரணம். ஐந்தங்குல வூபர் கொண்ட சாதாரணமான ஒரு பெட்டி 55, 60 ஹேர்ட்ஸ் அளவில்தான் தளரத் தொடங்கும். அது தளரும் இடத்தில் அறை கைகொடுக்கிறது. அதே அறையில் பெரிய சப்வூபரை வைத்தால், அறை ஏற்கெனவே முழங்கும் இடத்தில் அதுவும் சேர்ந்து முழங்கி, மிருதங்கத்தின் தொப்பி அடி ஒவ்வொன்றும் ஒரே சுருதியில் 'பும்' என்று முடியும். கொங்கிரீட் தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்குவதும் இந்தத் தாழ்ந்த அலைகள்தான்.

மலிவான ஸ்பீக்கர்கள் குரலைக் கெடுக்கும் இடம் பேஸ் அல்ல, அதற்கு வெகு மேலே இருக்கிறது. வூபர் தன் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைப்பது பெரும்பாலும் 2000 முதல் 3500 ஹேர்ட்ஸுக்குள் எங்கோ ஓரிடத்தில். தமிழில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்தறிய உதவும் மெய்யொலிகளின் கூர்மையும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது. ஒப்படைப்பைச் செய்யும் கிராஸோவர் சுற்றில் சுருளும் மின்தேக்கியும் தடையும் முறையாக இருக்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர், ட்வீட்டருக்கு ஒற்றை மின்தேக்கியை மட்டும் போட்டுவிட்டு, வூபரை அதன் போக்கில் விட்டுவிடுவார். வூபர் தனக்குப் பழக்கமில்லாத உயரத்தில் கத்தும். ட்வீட்டர் தனக்குத் தாங்காத ஆழத்தில் திணறும். கேட்பவருக்கு உச்சஸ்தாயியில் குரல் கிழிவது போலவும், 'ச', 'ஸ' ஒலிகள் சீறுவது போலவும் இருக்கும். பழைய பாடல்களின் பதிவில் ஏற்கெனவே இரைச்சல் உண்டு. அதை இத்தகைய ட்வீட்டர் இன்னும் தூக்கிக் கொடுக்கும். கடையில் 'துல்லியம்' என்று விற்கப்படுவது பல நேரங்களில் இந்தச் சீற்றமே. பாடகர் உச்சரிப்புச் சுத்தமானவராக இருந்தால், அவருடைய ழகரமும் ளகரமும் வேறு வேறாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். தமிழரின் கையில் இருக்கும் இந்த அளவுகோலை எந்த வெளிநாட்டு விமர்சகரும் சொல்லித் தரமாட்டார். 40,000, 50,000 ஹேர்ட்ஸ் வரை போகும் என்ற விளம்பரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இளைஞரின் காதே 20,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். எழுபது வயதுக் காது அதற்கு வெகு முன்பே நின்றுவிடும்.

அளவீட்டு வரைபடம் கிடைக்கும் மாதிரியாக இருந்தால் அதையும் பாருங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஃபுளோய்ட் டூல் 1980களில் நடத்திய மறைவுச் சோதனைகளில், எந்தப் பெட்டி என்று தெரியாமல் கேட்டவர்கள் பெரும்பாலும் விரும்பியது, நேராகவும் பக்கவாட்டிலும் ஏற்ற இறக்கமின்றிச் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே. நீங்கள் தேட வேண்டியதும் அந்தச் சீர்மையைத்தான். '50 முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளில்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்பதும் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு வாக்குறுதி.

அம்ப்ளிபயர் உள்ளேயுள்ள சோடியா, தனி அம்ப்ளிபயரோடு கூடிய சாதாரண ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு, கொள்கையளவில் என் மனம் இரண்டாவதன் பக்கமே சாயும். அதில் ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாம்; ஸ்பீக்கர் இருபது ஆண்டுகள் உழைக்கும். ஆனால் எழுபத்தைந்தாயிரத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாகிவிடும். வெளிநாட்டு விமர்சனங்களில் 'மலிவு' என்று வரும் சோடி இங்கே மலிவாக இருப்பதில்லை என்பதற்கும் காரணம் தெரிந்ததுதான்: 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனது, 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 சதவீதம், இவற்றுக்கு மேல் இறக்குமதிச் செலவும் இருக்கிறது. இந்த நிலையில் அம்ப்ளிபயர் உள்ளேயுள்ள சோடிதான் கொடுத்த காசுக்கு அதிகம் தருகிறது.

இந்த வகையில் கொழும்பில் அடிக்கடி கண்ணில் படுவது எடிஃபயர். அதன் ஆர்1280டிபி மாதிரியில் நான்கங்குல வூபர், 13 மில்லிமீற்றர் பட்டு டோம் ட்வீட்டர், மொத்தம் 42 வாட் ஆர்எம்எஸ், புளூடூத், ஒப்டிக்கல் உள்ளீடு, ரிமோட் எல்லாம் உண்டு. பேஸுக்கு உதவும் காற்றுத்துளை முன்பக்கம் இருப்பதால் சுவரோரம் வைக்க நேர்ந்தாலும் அதிகம் கெடாது. ஆர்1700பிடி அதைவிட ஒரு படி மேல்: 66 வாட், 19 மில்லிமீற்றர் ட்வீட்டர், சற்றே பின்னோக்கிச் சாய்ந்த முகம். என்னைக் கேட்டால், விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் பின்னதை எடுப்பேன். ஸ்டூடியோ மொனிட்டர் வகையைச் சேர்ந்த ஜேபிஎல் 305பி மார்க் 2, சீர்மையில் இவை இரண்டையும் தாண்டியது. ஆனால் ரிமோட் இல்லை, புளூடூத் இல்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி மின்வயர், ஒலியளவுக் குமிழ் பின்பக்கம், அமைதியான அறையில் ட்வீட்டரிலிருந்து மெல்லிய இரைச்சலும் கேட்கும். உங்களுக்கு அது பொருந்தலாம். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே பாட்டை மாற்ற விரும்பும் அப்பாவுக்குப் பொருந்தாது. பின்னாளில் தனி அம்ப்ளிபயர் வாங்கும் எண்ணம் வந்தால் வார்ஃப்டேல் டயமண்ட் வரிசை, எலாக் டெபியூட் வரிசை, சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். கணினிச் சாமான் விற்கும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் முதலில் போங்கள். பெரிய இசைக்கருவிக் கடைகளை அதன் பிறகு பார்க்கலாம்.

உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்னால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். லண்டனிலிருந்து வருவதென்றால் 230 வோல்ட், பிளக்கும் நம் வீட்டுச் சதுர முள் பிளக்தான், பிரச்சினையில்லை. ரொறன்ரோவிலிருந்து வருவதென்றால் அங்கே மின்சாரம் 120 வோல்ட். பின்புறத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்காவிட்டால், நம் சுவரில் செருகிய முதல் நாளே அது புகைந்துவிடும். அம்ப்ளிபயர் இல்லாத ஸ்பீக்கருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யன்னல் கொண்டிகளைப் பார்த்தாலே தெரியும். ஸ்பீக்கரில் அது முதலில் தொடுவது வயர் முனைகளையும் ஒலியளவுக் குமிழையும்தான். வயர் முனை பச்சை பிடித்தால் அரை அங்குலம் வெட்டி, புதிதாக உரித்துப் பொருத்துங்கள். வயர் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பு உங்கள் தூரத்துக்குத் தாராளம், அதற்குமேல் வயருக்குச் செலவிடுவது வீண். இதைவிட முக்கியம், வூபரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்பது. நம் ஈரப்பதத்தில் ஃபோம் சில ஆண்டுகளிலேயே கேக் துகள் போல உதிரத் தொடங்கும். பாவித்த ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முன்வலையைக் கழற்றி, வளையத்தை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பெட்டி பெரும்பாலும் எம்டிஎஃப் பலகை, அதாவது மரநாரை அழுத்திச் செய்தது. ஈரத் துணியால் துடைத்தால் மூலைகள் ஊதிவிடும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மாலை இடி தொடங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது, தொலைக்காட்சிக்குச் செய்வது போலவே, இதற்கும் பொருந்தும்.

வாங்கியதை எங்கே வைக்கிறீர்கள் என்பது, எதை வாங்கினீர்கள் என்பதற்குச் சமமான விடயம். நம் வீடுகளில் ஸ்பீக்கர் அலுமாரியின் உச்சியில் ஏறும், அல்லது ஒன்று தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் மற்றது கதவுக்கு மேலுமாகப் பிரிந்து தொங்கும். இரண்டு முறையிலும் சோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அறையில் பத்தடிச் சுவரோரமாக, இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஆறடி விட்டு, பின்சுவரிலிருந்து ஒரு சாண் அல்லது ஓரடி முன்னே தள்ளி வையுங்கள். கதிரை அவற்றிலிருந்து ஆறரை அடி தூரத்தில் வரட்டும். அப்போது அதன் முதுகுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே இரண்டு மூன்றடி எஞ்சும். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் காதுக்குள் வீங்கும். பெட்டிகளின் முகத்தைக் கதிரையை நோக்கிச் சற்றே திருப்புங்கள். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். சாய்மனைக் கதிரையில் காது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும், ஆகவே இரண்டடி உயரத் தாங்கி சரியாக வரும். கடையில் விற்கும் இரும்புத் தாங்கிக்கு வீணாகக் கொடுக்காமல், மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் பாரமான பலகையில் செய்வித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் சீமெந்துக் கல்லை அடுக்கித் துணி போர்த்தினாலும் ஸ்பீக்கருக்கு வித்தியாசம் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

பூசிய சுவரும் மாபிள் பதித்த தரையும் உள்ள அறையில் கையைத் தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஓர் எதிரொலி வந்தால், ஸ்பீக்கருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைத் துணிக்குச் செலவிட வேண்டும். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவே தரையில் ஒரு தடித்த கம்பளம், யன்னலுக்குப் பாரமான திரைச்சீலை, பின்சுவரோரம் புத்தக அலுமாரி. இவை மூன்றும் எந்த விலையுயர்ந்த ட்வீட்டரையும்விட அதிகமாகக் குரலைத் தெளிவாக்கும். ஒரு பக்கம் யன்னலும் மறுபக்கம் வெறுஞ்சுவருமாக இருந்தால் குரல் சுவர்ப் பக்கம் சாயும். திரைச்சீலை இருந்தும் சாய்ந்தால் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி விலக்கிப் பாருங்கள். பின்பக்கக் காற்றுத்துளை உள்ள மாதிரியை வாங்கி, அது முழங்குகிறதென்றால், பழைய காலுறை ஒன்றைச் சுருட்டித் துளைக்குள் செருகுங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் ஆகிற காரியம் இது. பல நிறுவனங்கள் இதே வேலைக்கு ஃபோம் அடைப்பான் கொடுக்கின்றன.

கடைக்குப் போகும்போது மூன்று பதிவுகளைக் கைத்தொலைபேசியில் இறக்கி எடுத்துச் செல்லுங்கள்: அப்பாவுக்கு மனப்பாடமான ஒரு மோனோப் பாடல், ஒரு வீணைக் கச்சேரி, ஒரு வானொலிச் செய்தி. வீணையில் கமகம் வழுக்கிச் செல்லும்போது ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தாண்டுகையில் மட்டும் ஒலி வீங்கினால், பெட்டியோ வூபரோ அந்த இடத்தில் தானாக அதிர்கிறது. செய்தியில் மூக்கடைத்த தன்மை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். புளூடூத் இணைப்பே போதுமா என்று கவலைப்பட வேண்டாம், இந்த விலையில் அது பலவீனமான கண்ணி அல்ல. வாங்கிய மாதிரியில் ஒப்டிக்கல் உள்ளீடு இருந்தால் தொலைக்காட்சிக்கு மட்டும் ஒப்டிக்கல் வயரைப் பாவியுங்கள், அப்போது உதட்டசைவும் பேச்சும் பிசகாது. சத்தமே வராவிட்டால் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உத்தரவாதம் கடையினுடையதா, இறக்குமதி முகவருடையதா என்பதையும், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்று இரவு, காலி வீதி சற்று அடங்கிய பின், மின்விசிறியைக் குறைத்துவிட்டு அந்த மோனோப் பாடலைப் போடுங்கள். அப்பாவைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடிக்கொண்டு பாடுபவர் எங்கே நிற்கிறார் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். கை நடுவில் காட்டினால் வேலை முடிந்தது. எங்கே என்று சொல்ல முடியாமல் தடுமாறினால், இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயரில் சிவப்பு முனை சிவப்புக்கும் கறுப்பு முனை கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். கை ஒரு பெட்டியையே காட்டினால், பெட்டிகளை இடம் மாற்றி வைத்து மீண்டும் கேளுங்கள். கை பழைய பக்கத்திலேயே நின்றால் பிழை அறையினுடையது. பெட்டியோடு சேர்ந்து கையும் இடம் மாறினால், பற்றுச்சீட்டையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள்.